ஈரலுக்குள் ரத்தம் ஓடியதைக் கண்ணால் கண்டேன்

என் கணவர் தங்கராஜ் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். எங்கள் தாராவியில் ஈரல் கெட்டுவிட்டது என்றால் போதும், எந்த பாரில் உட்காருவார் என்றுதான் கேட்பார்கள். இவருக்கு வந்தது ஹெபடைடிஸ் பி கிருமியால். எப்போது தொற்றியதோ, எங்களுக்கே தெரியாது. உள்ளேயே இருந்து ஈரலைச் சுருக்கிவிட்டது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர் ரத்தமாக வாந்தி எடுத்தார். நான் போட்ட கூச்சலில் சந்தே திரண்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அங்கே பார்க்க வந்த எதிர் வீட்டு ராணி அக்கா என் காதருகே வந்து, "ஏட்டி எஸ்தர், அண்ணாச்சி நமக்குத் தெரியாம குடிச்சிருப்பாவளோ?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "அக்கா, வார்த்தைய அளந்து பேசுங்க. அவிய டீயே ரெண்டாவது கிளாஸ் கேக்க மாட்டாவ" என்றேன்.

பிறகு டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை. வயிற்றில் ஜெல்லைத் தடவி ஒரு கருவியை வைத்தால், ஈரலுக்குள் ரத்தம் ஓடுவது திரையில் நிறமாகத் தெரிகிறது. இவருக்கோ ஈரலுக்குப் போகும் பெரிய குழாயில் பாதிக்கு மேல் கறுப்பு. ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, முழுவதும் அடைத்தால் மறுபடி ரத்த வாந்தி வரலாம், பின்னால் ஈரல் மாற்றும் ஆபரேஷன்கூடக் கஷ்டம் என்றார் டாக்டரம்மா. மருந்து எழுதிக் கொடுத்து, சில மாதம் கழித்து வரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் உடைந்துபோனேன். முழங்காலில் நின்றேன். அழகான ஜெபம் எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, அந்தக் குழாயைத் திறந்துவிடும்." அவ்வளவுதான். இவருடைய வலது விலாவுக்குக் கீழே கை வைத்து, தினமும் அதே ஜெபம். சபைச் சகோதரிகள் உபவாசம் இருந்தார்கள். இவரும் இருக்கிறேன் என்று கிளம்பினார்.

"நீங்க பட்டினி கிடக்கப்படாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ. நாங்க இருக்கோம், நீங்க சாப்பிடுங்க" என்று தட்டை முன்னால் வைத்தேன். மாத்திரையும் ஒரு வேளை தவறவில்லை. நான் விட்டால்தானே!

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் மறுபடி ஸ்கேன். "சாஸ் ரோக்கோ" என்றார் டாக்டரம்மா. இவர் மூச்சைப் பிடித்தார். நானும் பிடித்துக்கொண்டேன். வாய்விட்டு ஜெபிக்கக்கூட முடியவில்லை. திரையில் சிவப்பு எழும்பியது. குழாய் முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நிரம்பி ஓடியது.

"குல் கயா, ஆன்ட்டி" என்றார் டாக்டரம்மா. திறந்துவிட்டதாம்! நான் போட்ட அல்லேலூயாவில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நோய் முழுவதும் போய்விடவில்லை. மாத்திரையும் ஸ்கேனும் தொடரும். ஆனாலும் இவர் மறுபடி பட்டறையில் உட்கார்ந்து தோல் பை தைக்கிறார். எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? குழாயைத் திறந்த என் ஆண்டவரை நினைத்துப் பெருமை. அந்தக் கருவியைச் செய்ய மனிதருக்கு அறிவு கொடுத்தவரும் அவரே. ஊர் என்ன பேசினாலும் தலைகுனியாமல் வைத்தியத்துக்குப் போய்வந்த என் வீட்டுக்காரரை நினைத்தும் பெருமை.

ஈரல் நோயை வெட்கப்பட்டு மூடி வைத்திருக்கும் சகோதரிகளே, என்னிடம் சொல்லுங்கள். குடித்து வந்ததா, குடிக்காமல் வந்ததா என்று நான் கேட்கமாட்டேன். ஸ்கேன் வரிசையில் உங்களோடு நிற்பேன். ஜெபத்துக்கு வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை, நான் ஆரம்பிக்கிறேன்.