மாடிக்குப் போன அடுப்பு

மருந்து என்பது உடம்பைச் சரியாக்குவதற்குத்தான் என்று ஒன்பது வயதுவரை நம்பியிருந்தேன். அந்த ஆடி மாதத்தில் அம்மாவைப் பார்த்தபின் அந்த நம்பிக்கை போய்விட்டது. அம்மா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மருந்து ஏற்றிக்கொள்ளப் போன காலையில் இஸ்திரி போட்ட காட்டன் புடவை கட்டி, திருத்த வேண்டிய விடைத்தாள்களையும் பையில் எடுத்துக்கொண்டு, தானே நடந்துபோய் ஆட்டோவில் ஏறினாள். மாலையில் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மார்பில் ஒரு கட்டி, அதைக் கரைக்க ஊசி மருந்து என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ரோஸ் மில்க் நிறத்தில் இருந்ததாம் அந்த மருந்து. அம்மா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை அப்பா ரசத்துக்குக் கடுகு தாளித்தார். அந்த வாசனை எட்டியதும் அம்மா குளியலறைக்கு ஓடினாள். அதன்பின் எதுவும் உள்ளே தங்கவில்லை. தண்ணீர்கூடத் திரும்பி வந்தது. அப்பா சமையலை நிறுத்திவிட்டு ஓட்டலில் இட்லி வாங்கி வந்தார். அவர் சட்டையில் ஒட்டியிருந்த சாம்பார் வாசனைக்கே அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் உதடு வெடித்துவிட்டது. நாளைக்குள் தண்ணீராவது தங்காவிட்டால் கூட்டி வந்து சேர்த்துவிடுங்கள் என்று டாக்டர் போனில் சொன்னாராம். ரயில்வே பணிமனையில் பெரிய பெரிய சக்கரங்களைக் கழற்றி மாட்டுகிற அப்பா, ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அன்று மதியம் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. மாதேஸ்வரன் மலைப் பக்கத்து ராமாபுரத்திலிருந்து கொள்ளேகால் வந்து, பஸ் மாறி வந்திருந்தாள். இரண்டு வருடமாக எங்கள் வீட்டுப் படி ஏறாதவள். அவள் மகன் கல்யாணத்துக்குப் பரீட்சை வேலையென்று அம்மா போகாமல் இருந்துவிட்டதில் வந்த கோபம் அது. அம்மா படுக்கையிலிருந்தே "வாங்க அண்ணி" என்றாள். அத்தை அம்மாவின் உதட்டைப் பார்த்தாள், சமையலறையைப் போய்ப் பார்த்தாள், திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னாள்:

"தம்பி, அடுப்ப மாடிக்குத் தூக்கு."

அப்பா மழையைச் சொன்னார், காற்றைச் சொன்னார், கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா என்ன சொல்வாரோ என்றார். மழை வந்தால் குடை பிடிக்கலாம் என்றாள் அத்தை. அரை மணி நேரத்தில் அடுப்பும் சிலிண்டரும் மொட்டை மாடிக்குப் போய்விட்டன. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், காற்று படாத மூலையில், தகரத்தைச் சாய்த்துவைத்து அத்தை சமைக்கத் தொடங்கினாள். தாளிப்பு வாசனை காற்றோடு சாமுண்டி மலைப் பக்கம் போனது.

எனக்கு அது திருவிழாவாக இருந்தது. ஆனால் வேடிக்கையான ஒரு திருவிழா. சமைத்து முடித்ததும் அத்தை குளித்து வேறு புடவை கட்டிக்கொண்டுதான் அம்மாவின் அறைக்குள் போவாள். ஒரு நாளைக்கு மூன்று முறை, அந்தக் குளிரில். ரசம் இல்லாமல் சோறு இறங்காத அப்பா, மாடியில் நின்றபடியே சாப்பிட்டு, மீசைக்குச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு கீழே இறங்குவார். எனக்கும் அதே சட்டம். மாதேஸ்வரன் மலைக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு பக்தியோடு கை கழுவினேன்.

அம்மாவுக்கு உப்புக் கஞ்சி மட்டும். சூடான கஞ்சியில் வாசனை அதிகம் என்பதைக் கண்டுபிடித்த அத்தை, அதைக் காற்றில் ஆறவைத்தே கொண்டுவந்தாள். எவர்சில்வர் டம்ளர் இரும்பு மாதிரி கசக்கிறது என்று அம்மா சொன்னதும் கண்ணாடி டம்ளர் வந்தது. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். ஒவ்வொரு ஸ்பூனுக்குப் பிறகும் நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் தொண்டையையே பார்ப்போம். ஒரு டம்ளர் கஞ்சி உள்ளே போக ஒரு காலைப்பொழுது முழுக்க ஆனது. அது தங்கியது. அப்பா போனை எடுத்து டாக்டரிடம் சொன்னபோது அவர் குரல் ஏன் அப்படி உடைந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கஞ்சிதானே.

ஒருநாள் காற்று திசை மாறி, கீழ்வீட்டுத் தாளிப்பு எங்கள் ஜன்னலில் நுழைந்தது. அத்தை கீழே போய்க் கன்னடத்தில் ஏதோ பேசிவிட்டு வந்தாள். மறுநாள் காலை வீட்டுக்காரம்மா தன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் வாணலியையும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். இனி எங்கள் வீட்டு ஒக்கரணெயும் இங்கேயே ஆகட்டும் என்றார். அவர் தாளிப்பைச் சொல்லும் சொல் அது. வாடகை ஒரு நாள் தள்ளினாலும் படியேறி வருகிற அதே அம்மாள்தான். தொட்டிக்குப் பின்னால் இரண்டு அடுப்பு எரிந்ததை நான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

மருந்து ஏற்றிய பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா. சுவரைப் பிடித்து, நின்று நின்று, தானே ஏறி வந்திருந்தாள். அத்தை பதறி அடுப்பை அணைக்கக் கையை நீட்டினாள்.

"அணைக்காதீங்க அண்ணி," என்றாள் அம்மா. "தாளிங்க."

எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. கறிவேப்பிலை சடசடத்தது. அம்மா கண்ணை மூடி மெதுவாக மூச்சை இழுத்தாள். நாங்கள் அசையவில்லை. அவள் துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, கொஞ்சம் ரசம் சோறு போடுங்கள் என்றாள். ஒரு வாய். இன்னொரு வாய். பிறகு சோற்றைப் பார்த்தபடியே சொன்னாள்:

"கல்யாணத்துக்கு நான் வந்திருக்கணும், அண்ணி."

"அதுக்கென்ன இப்ப. சோறு ஆறுது, தின்னு அம்மிணி."

தட்டு காலியானதும் நான் அம்மாவின் மடியில் கைவைத்து, உனக்குச் சரியாகிவிட்டதா என்று கேட்டேன். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தத் தடவைக்குச் சரியாயிடுச்சு பாப்பா," என்றாள் அம்மா.

நான் குதித்தேன். மறுநாள் பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். அம்மா சொன்னதில் 'சரியாயிடுச்சு' மட்டும்தான் என் காதில் விழுந்தது, 'இந்தத் தடவைக்கு' விழவில்லை. அது போல் இன்னும் ஐந்து தடவை இருந்தது. இன்று அம்மா நலமாக இருக்கிறாள், இன்னும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அது யாருக்கும் தெரியாது. இன்னும் ஒன்பது நாளில் திரும்ப ஆட்டோ ஏற வேண்டும் என்பது மட்டும் அந்த மாடியில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் அம்மா தட்டை நீட்டி இன்னொரு கரண்டி ரசம் கேட்டாள். அவளுக்கு நல்ல பசி என்று நான் நினைத்துக்கொண்டேன்.