பாதி திறந்த வால்வு

தண்ணிக்காரர் இருபத்தாறு வருஷமாகச் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். முச்சந்திக் குழிக்குள் இறங்கி, நீளமான இரும்புச் சாவியால் வால்வைத் திருகுவது. முதல் ஒரு மணி நேரம் மேட்டுத் தெருவுக்கு, அடுத்த ஒரு மணி நேரம் பள்ளத் தெருவுக்கு. இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கிறவர்கள் கோடையில் ஒரு நாள் வந்து அந்தக் குழியில் நின்று பார்க்கட்டும்!

போன வாரம், 'எங்களுக்குத்தான் முதலில்' என்று இரண்டு தெருவும் கைகலப்பில் இறங்கின. மேட்டுத் தெருவில் அவர் மகன், பள்ளத் தெருவில் அவர் மருமகன். இரண்டும் முன்வரிசை வீரர்கள். மகளோ எட்டு மாதக் கர்ப்பிணி. மனுஷனுக்குச் சோறு இறங்குமா? யாருக்கும் மனக்குறை வேண்டாமே என்று இன்று காலை இரண்டு வால்வையும் பாதி பாதி திறந்து வைத்தார்.

அங்கேதான் கோட்டை விட்டார். தொட்டியில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அந்த அழுத்தத்தை இரண்டாகப் பிரித்தால் ஒரு குழாய்க்கும் ஏறாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொண்ட விஷயம், பயத்தில் மறந்தே போனது. இரண்டு தெருவிலும் காற்றுதான் வந்தது. எதிர்த் தெருக்காரன் திருடிவிட்டான் என்று இரண்டு தெருவும் முடிவு கட்டின.

எட்டு மணிக்கெல்லாம் குழியைச் சுற்றி நாற்பது பேர். மகன் கையில் இரும்புக் குழாய், மருமகன் கையில் கட்டை.

"நீங்க ஒதுங்குங்கப்பா. இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்" என்றான் மகன்.

"தெரியட்டுமே! வாடா பாக்கலாம்!" என்றான் மருமகன்.

தண்ணிக்காரர் சாவியோடு குழியின் விளிம்பில் நின்றார். வாயைத் திறந்தால் தனக்கு உதை. மூடிக்கொண்டால் மகளுக்குத் தம்பியோ புருஷனோ, யாராவது ஒருத்தன் மிஞ்சமாட்டான்.

"யாரும் திருடலப்பா! நான்தான் ரெண்டையும் பாதி பாதி திறந்துட்டேன். அதான் ஒருத்தருக்கும் ஏறல."

இரண்டு தெருவும் ஒரே குரலில் அவரைத் திட்டின. அந்த ஒற்றுமையையாவது பார்த்தோமே என்று அவர் நினைப்பதற்குள் மருமகன் பாய்ந்து வந்தான்.

"வீட்ல ஒரு வாய்த் தண்ணி இல்ல மாமா!" என்று கத்திக்கொண்டே கன்னத்தில் அறைந்தான்.

திட்டு நின்றுபோனது. எல்லோரும் மகனைப் பார்த்தார்கள். இரும்புக் குழாய் அவன் தோள்வரை உயர்ந்துவிட்டது.

"வேணாம்டா..." என்றார் தண்ணிக்காரர். ஊர் பார்க்க அப்பனை அடித்தவனை எந்த மகன் சும்மா விடுவான்? விடுவான் என்று நம்ப அவருக்கே தைரியம் இல்லை.

மகன் குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அப்பாவின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக் குழிக்குள் குதித்தான். மேட்டுத் தெரு வால்வை இறுக மூடினான். பள்ளத் தெரு வால்வை முழுசாகத் திறந்தான்.

"துரோகி!" என்றது அவன் தெருவிலிருந்தே ஒரு குரல்.

"போங்க மாமா, அக்காவுக்குப் பிடிச்சு வைங்க" என்றான் மகன், மருமகனை நிமிர்ந்து பார்க்காமல்.

மருமகன் கட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். "அரை மணி நேரம் போதும் மச்சான். அப்புறம் உங்க தெருவுக்குத் திறந்துக்கோ."

இரும்புக் குழாயை மகன் இன்னும் கீழே வைக்கவில்லை. தண்ணிக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.