யோகநாதனின் நூற்றிருபது மில்லி

போத்தலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் நூற்றிருபதாம் கோட்டில் நிற்கிறதா என்று பார்க்கிறார் யோகநாதன். கொஞ்சம் கூடிவிட்டது. ஒரு சொட்டுச் சரிக்கிறார். திரும்பவும் பார்க்கிறார். மடியில் பிள்ளை வீரிட்டு அழுகிறது. அவருடைய அவசரமெல்லாம் காலில்தான். முழங்கால் துடித்துக்கொண்டே இருக்கும், கை மட்டும் அசையாது.

தர்மபுரத்தில் எங்கள் பக்கத்து வயல்களில் பாதியை உழுவது அவருடைய லாண்ட்மாஸ்டர்தான். சேறு காய்ந்த காலோடு வீட்டுக்கு வந்தால், சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவுவார். ஈர்க்கை ஒடித்து நக இடுக்கெல்லாம் கிண்டுவார். பிறகுதான் பிள்ளையைத் தொடுவார். தேத்தண்ணிக் கடையில் அவரை "டொக்டர்" என்று பகிடி பண்ணுவார்கள், அவர் கோபிக்கமாட்டார். மனைவி கௌசலா, மேனுகா பிறந்த பதினோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பகலில் அவருடைய அக்கா ஞானேஸ்வரி வந்து பார்ப்பார். இரவு முழுக்க அவரும் இரண்டரை மாதப் பிள்ளையும்தான்.

இரவில் இரண்டு தரம் பால். பதினொன்றுக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. நேரத்தையும் அளவையும் கிழித்த கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பார். "நித்திரை வெறியில குடுத்தனானோ இல்லையோ எண்டு மறந்துபோகும் ரீச்சர்" என்பார். குடித்து முடிந்ததும் பிள்ளையைத் தோளில் போட்டு, ஏவறை வரும்வரை முற்றத்தில் நடப்பார். வந்ததும், "ஆ, மகாராணி சொல்லிப்போட்டா" என்று மெதுவாகச் சொல்லிச் சிரிப்பார். என் அறை யன்னல் அந்த முற்றத்தைப் பார்த்திருப்பதால் எனக்கு எல்லாம் கேட்கும்.

அந்தச் சிரிப்பு ஒன்பது நாளாகக் கேட்கவில்லை. பிள்ளை ஓயாமல் அழுதது. போத்தலை உறிஞ்சி முடித்த கையோடு அழுகை. ஊரில் எல்லாரும் ஒரே விளக்கம் சொன்னார்கள்: தாயைத் தேடுகிறது. இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கிடக்கிறவள் நான். பெரிய கெட்டிக்காரி போல நானும் அதையே சொன்னேன். "கௌசலாவின்ர சீலையைச் சுத்திப் படுக்க வையுங்கோ. அந்த மணத்துக்கு அடங்கும்."

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழிந்தும் யாருக்கும் கொடுக்காமல் அலுமாரியில் வைத்திருந்த வெளிர்நீலச் சீலையை எடுத்துச் சுற்றினார். பிள்ளை அடங்கவில்லை. மூன்று மணிக்கு முற்றத்தில் நடந்தபடி, "அம்மா வரமாட்டா மகள். அப்பாதான் இருக்கிறன்" என்று அவர் சொல்வது கேட்கும். நான் தலையணையைக் காதோடு அழுத்திக்கொள்வேன்.

போன செவ்வாய்க்கிழமை நான் அங்கே நிற்கையில் மருத்துவமாது கமலாசனி வந்தார். விறாந்தை வளைமரத்தில் தராசைக் கொழுவி, பிள்ளையைத் துணியில் வைத்துத் தூக்கினார். பதினைந்து நாளுக்கு முந்தி நாலரைக் கிலோ. இப்போது நாலு கிலோ நானூறு. இன்னொரு தரம் நிறுத்தார்.

"பால் மிச்சம் வைக்கிறவளோ?"

"ஒரு சொட்டும் விடமாட்டாள் மிஸ்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது.

"எனக்கு முன்னால ஒருக்கால் கரைச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

கரைத்துக் காட்டினார். நூற்றிருபது மில்லி தண்ணீர். இரண்டு கரண்டி பால்மா, கத்தியின் பின்பக்கத்தால் வழித்துத் தட்டையாக்கி. ஒரு குறையும் சொல்ல முடியாது. கமலாசனி அந்தக் கரண்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது இந்தப் பால்மாப் பேணியின்ர கரண்டியோ?"

இல்லை. வழமையான பால்மா கடையில் முடிந்துபோனதால், ஒன்பது நாளுக்கு முன் பரந்தனில் வேறொன்று வாங்கி வந்திருக்கிறார். அதன் கரண்டி மாவுக்கு அடியில் புதைந்து கிடந்தது. "மாவுக்குள்ள கை வைக்கக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள் மிஸ்? அதுதான் பழைய கரண்டியை அவிச்சு எடுத்தனான். நேற்றுத்தான் மற்றதின்ர காம்பு வெளியில தெரிஞ்சது. கை படும் எண்டு அதையும் எடுக்கேல்லை."

பழைய பேணியில் முப்பது மில்லிக்கு ஒரு கரண்டி. புதியதில் அறுபதுக்கு ஒன்று. அதற்கேற்ற பெரிய கரண்டி. புதிய பேணியில் எழுதியிருந்தபடியே அவர் இரண்டு போட்டார், பழைய சின்னக் கரண்டியால். கமலாசனி சுத்தமான இடுக்கியால் பெரியதை வெளியே எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பாதிப் பால்தான் தம்பி போயிருக்கு. பிள்ளை பசியில அழுதிருக்கு." அவர் குரலில் ஏச்சு இல்லை. "இனிச் சரியாக் குடுங்கோ. வெள்ளிக்கிழமை திரும்ப நிறுப்பம். ஏறாட்டி ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகவேணும்."

பசி. வேறொன்றுமில்லை. பிள்ளைகளின் கொப்பியில் ஒரு புள்ளி தவறினாலும் சிவப்பால் சுழிக்கிற நான், பக்கத்து வீட்டுப் பேணியை ஒருநாளும் திருப்பிப் பார்க்கவில்லை. சீலையைச் சுற்றச் சொல்ல மட்டும் எனக்கு வாய் இருந்தது.

யோகநாதன் பெரிய கரண்டியைக் கொதிதண்ணீரில் போட்டு எடுத்தார். புதிதாகக் கரைத்தார். மேனுகா நூறு மில்லி குடித்தாள். பிறகு முகத்தைத் திருப்பி, உதட்டோரத்தில் பால் வழிய, அப்படியே உறங்கிப்போனாள். ஒன்பது நாளில் முதல் தடவை அழாமல் உறங்கினாள். கமலாசனி அட்டையில் எழுதிவிட்டுப் புறப்பட்டார். ஏதாவது ஆறுதல் சொல்லலாமென்று நான் நின்றேன்.

பிள்ளையை ஏணையில் கிடத்திவிட்டு அவர் குசினிக்குள் போனார். நூற்றிருபது மில்லி தண்ணீரை அளந்து ஒரு கோப்பையில் ஊற்றினார். பழைய சின்னக் கரண்டியால் இரண்டு கரண்டி மாவை, கத்தியால் வழித்து, அதில் போட்டுக் கலக்கினார். கோப்பைக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நின்ற நிலையிலேயே, மிடறு மிடறாக, அவ்வளவையும் குடித்தார்.