சுகதுக்க அடுக்கில் ஒரு மாடிப்படி

அலமாரி அக்காவின் இன்பாக்ஸ் சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். ஒரு மின்னஞ்சல்கூட மிச்சமிருக்காது. பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் அவளுக்கு இதுதான் வேலை. யார் எதை எழுதினாலும் அதன் நகல் அவளுக்கு வரும். ஒவ்வொன்றையும் படித்து, எந்தக் கட்டடம், அதில் எந்த விஷயம் என்று பார்த்து, உரிய அடுக்கில் போட்டுவைப்பாள். அலமாரி என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டாள்.

வீட்டிலும் இதே கதைதான். தையற்காரரான கணவர் சாப்பிடும்போது ஏதாவது பேச ஆரம்பித்தால், "இது நேத்து பேசினதோட தொடர்ச்சியா, இல்ல புது விஷயமா?" என்று கேட்பாள். அந்த மனிதர் கல்யாணமான புதிதில் பதில் சொல்லிப் பார்த்தார். இப்போது சாப்பாட்டில் மட்டும் கவனம் வைக்கிறார்.

இவ்வளவு கெடுபிடி அவசியமா என்று கேட்பவர்களுக்கு அந்த அலுவலகத்தின் பெரியவரைத் தெரியாது. நிறுவனத்தைத் தொடங்கியவர். கோடு போட்டால் கட்டடம் எழுந்து நிற்கும், ஆனால் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்க அவருக்கு இன்றுவரை தெரியாது. யாருக்கு எழுத வேண்டுமோ அவர் கடைசியாக அனுப்பியதைத் திறப்பார், பதில் பொத்தானை அழுத்துவார், மனதில் இருப்பதைக் கொட்டுவார். தலைப்பில் 'பிறந்தநாள் கேக்' என்று இருக்கும், உள்ளே கழிவுநீர்த் தொட்டி இருக்கும். அதனால்தான் அக்கா தலைப்பை நம்புவதே இல்லை. "கடைசி வரி வரைக்கும் படிக்காம நான் எதையும் எங்கயும் போடமாட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள்.

புது மேலாளர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சுறுசுறுப்பான மனுஷர், எதிலும் அவசரம். ஒருநாள் அவள் மேசைக்கே வந்து நின்றார்.

"அக்கா, நீங்க நாள் முழுக்க அடுக்கி வைக்கிறதை மெஷின் ரெண்டு நொடியில தேடிக் கொடுத்துடும். எதுக்கு வீண் வேலை? ஒண்ணாம் தேதியிலருந்து நீங்க முன்னாடி டெலிபோன்ல உட்காருங்க."

அக்காவுக்கு டெலிபோன் என்றாலே ஆகாது. பேசியது பேசியபடி காற்றோடு போய்விடும், அதை எடுத்து எங்கே வைப்பது? அன்று மாலை இன்பாக்ஸைக் காலி செய்துவிட்டு வெறும் திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது தலைமையாசிரியை வந்தார். அவருடைய பள்ளிக்குப் புதுக் கட்டடம் கட்டியது இந்த அலுவலகம்தான். இரண்டு வாரத்தில் திறக்க வேண்டும். அம்மையார் கூட்ட அறையில் கைப்பையை மேசைமேல் வைத்த சத்தத்திலேயே விவகாரம் பெரிது என்று தெரிந்துவிட்டது.

"நான் மாடிப்படியை இடது பக்கம் கேட்டேன். நீங்க வலது பக்கம் கட்டி வச்சிருக்கீங்க. இடிச்சு மாத்துங்க."

பெரியவர் தலையைச் சொறிந்தார். "நீங்க சம்மதிச்சீங்களேம்மா? மெயில்ல எழுதினீங்க."

"எங்க, காட்டுங்க."

மேலாளர் மடிக்கணினியைத் திறந்தார். 'மாடிப்படி' என்று தட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு வந்தது, அம்மையாரின் சம்மதம் அதில் இல்லை. 'படிக்கட்டு' என்று தட்டினார். அந்த நெருக்கடியில் 'ஏணி' என்றுகூடத் தட்டிப் பார்த்தார், பல்பு மாற்ற ஏணி கேட்டு யாரோ எழுதியது வந்தது. 'வலது பக்கம்' என்று தட்டினால் ஆயிரத்துக்கு மேல், அம்மையாரின் பெயரைத் தட்டினால் தொள்ளாயிரம். தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தார், உதவியாக ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் முகம் வெளிறி அக்காவின் மேசைக்கு வந்தார்.

"அக்கா, எப்படியாவது..."

அக்காவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இதற்காகத்தானே காத்திருந்தாள்! பள்ளிக் கட்டடம், மாடிப்படி என்று அடுக்கை ஒய்யாரமாகத் திறந்தாள். அறுபத்து மூன்று மின்னஞ்சல்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இல்லை. மறுபடியும் பார்த்தாள். இல்லவே இல்லை. பத்தொன்பது வருட மானம் கண்ணெதிரே கப்பலேறிக்கொண்டிருந்தது.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை நேரம் பார்க்கத் தன் கைபேசியை எடுத்தார். திரையில் ஒரு வெள்ளைப் பூனை.

அக்காவுக்குப் பொறி தட்டியது. அந்தப் பூனை செத்துப்போனதாக மின்னஞ்சல் வந்த அன்று இதே நாற்காலியில் உட்கார்ந்து அவள் அழுதிருக்கிறாள்!

இரங்கல், வாழ்த்து, கேக் அறிவிப்பு எல்லாம் போடுவதற்கென்று 'சுகதுக்கம்' என்று ஓர் அடுக்கு வைத்திருந்தாள். அவசரமாக அதைத் திறந்தாள். 'எங்கள் பூனை இறந்துவிட்டது, நாளை சந்திக்க இயலாது' என்று தலைப்பிட்டுத் தலைமையாசிரியை எழுதியிருந்தார். அதற்குக் கீழே பெரியவர் மூன்று வரி ஆறுதல் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "இடது பக்கம் வைத்தால் தண்ணீர்க் குழாய் தட்டும். இணைத்துள்ள படத்தில் உள்ளபடி வலது பக்கம் மாற்றலாமா?" என்று கேட்டிருந்தார். அம்மையாரின் பதில்: "ஆறுதலுக்கு நன்றி. படம் பார்த்தேன். வலது பக்கமே இருக்கட்டும்."

மாடிப்படி என்ற சொல் மொத்தக் கடிதத்திலும் ஓரிடத்தில்கூட இல்லை.

அக்கா அதை மேலாளருக்கு அனுப்பிவைத்தாள். அவர் அச்செடுத்துக் கொடுத்த தாளைத் தலைமையாசிரியை இரண்டு முறை படித்தார். கோபம் இறங்கிப்போனது. "அன்னைக்கு நான் இருந்த நிலைமையில எதை எழுதினேன்னே ஞாபகம் இல்ல" என்றார். "சரி, படி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். இந்தத் தாளை நான் வச்சுக்கலாமா? மேல மூணு வரி நல்லா எழுதியிருக்கார்." பெரியவர் கூச்சத்தில் நெளிந்தார்.

தலைமையாசிரியை போனதும் மேலாளர் ஓடி வந்தார். "அக்கா, ஒத்துக்கறேன். உங்க முறைதான் சரி. மெஷின் தோத்துப்போச்சு."

பேசாமல் சிரித்திருந்தால் அவள் நாற்காலி பிழைத்திருக்கும். ஆனால் தப்பாக வைத்த ஒன்றைச் சரியாக வைத்ததாகச் சொல்வதற்கு அவளுக்கு வாய் வரவில்லை.

"முறையெல்லாம் ஒண்ணும் இல்ல சார். நான் தப்பான இடத்துல போட்டிருந்தேன். பூனை செத்துப்போச்சுன்னு படிச்சதும் அழுகை வந்துடுச்சு. அதுக்கு வந்த பதில்களைக் கீழ வரைக்கும் படிக்கவே இல்ல, தலைப்பைப் பாத்துப் போட்டுட்டேன். அழுதது ஞாபகம் இருந்ததால கிடைச்சுது. அவ்வளவுதான்."

மேலாளர் அவளையே பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போனார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று அக்காவுக்குப் புரிந்தது.

அவளிடம் 'தவறுகள்' என்று ரகசியமாக இன்னோர் அடுக்கு உண்டு. அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் அதில் ஓர் இடம் இருந்தது, பெரியவருக்குப் பெரிய இடம். அவளுக்கு மட்டும் இருந்ததில்லை. அன்று மாலை அவள் தனக்கும் ஒன்று திறந்து, பூனைக் கடிதத்தின் நகலை முதல் தவறாக உள்ளே வைத்தாள். கண்ணைக் கரித்தது.

ஐந்து இருபத்தைந்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் மேலாளர். தலைப்பு: 'எங்கள் பூனை இறந்துவிட்டது, நாளை சந்திக்க இயலாது'.

இந்த ஆளுக்கும் பெரியவரின் வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது! அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, இந்தத் தடவை கடைசி வரி வரைக்கும் படித்தாள். கூட்ட அறை ஏசியில் தண்ணீர் சொட்டுகிறதாம், ஆளை வரச்சொல்ல வேண்டுமாம். வாசல் கதவு கிறீச்சிடுகிறதாம். அதற்கும் கீழே, தனியாக: "டெலிபோனுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் நாற்காலி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்."

ஏசி அடுக்கில் போடுவதா, கதவு அடுக்கில் போடுவதா, சுகதுக்கத்தில் போடுவதா? மூன்றையும் திறந்து திறந்து மூடினாள். மணி ஐந்தரை ஆகியும் முடிவுக்கு வர முடியவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு மின்னஞ்சலை இன்பாக்ஸிலேயே விட்டுவிட்டு, கணினியை அணைத்துவிட்டு, அலமாரி அக்கா வீட்டுக்குப் புறப்பட்டாள்.