இன்னொரு நாள் இருக்கட்டும் என்றேன்

திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பது. தீவிர சிகிச்சைப் பிரிவில் என் மகளின் கட்டில் தடதடக்கத் தொடங்கியது. நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டிக்குப் போகும் லாரிகளின் அதிர்வு என்றுதான் முதலில் நினைத்தேன். நடுங்கியது அவள். கழுத்துக் குழாய் வழியே மருந்து ஏற்றத் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பற்கள் கிட்டித்திருந்தன. உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

டெங்கு. பதினைந்து வயது. இரு கைகளிலும் நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி நீலம் பாரித்த பிறகுதான் கழுத்தின் பெரிய ரத்தக்குழாயில் அந்த மெல்லிய குழாயைச் செருகினார்கள்.

அந்தப் பிரிவின் பொறுப்புச் செவிலியரை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். தினமும் காலையில் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, குழாய் நுழையும் இடத்தைக் குனிந்து பார்த்து, டாக்டரிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்: "சார், இது இன்னிக்கும் வேணுமா?"

சனிக்கிழமை டாக்டர், "வேணாம், எடுத்துடுங்க" என்றார். என் மகள் என் விரலை இறுகப் பிடித்தாள். "எடுத்துட்டா திருப்பியும் கையில குத்துவாங்கம்மா."

நான் குறுக்கே நின்றேன். இன்னொரு நாள் இருக்கட்டும் என்று கெஞ்சினேன்.

"இன்னாம்மா, கொழாய்க்கு நீ வாட்ச்மேனா?" என்று சிரித்தார் பெரிய சிஸ்டர். உடனே குரல் மாறியது. "சும்மா உள்ள கெடந்தா அது வழியா கிருமி நேரா ரத்தத்துல பூந்துடும். சொன்னா கேளு."

நான் அழுதேன். டாக்டர், "சரி, நாளைக்குப் பார்ப்போம்" என்று நகர்ந்துவிட்டார். ஞாயிறன்று பெரிய சிஸ்டருக்கு விடுப்பு, திங்களன்று மாலைப் பணி. அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பிள்ளை குத்துப்படாமல் தப்பித்தாள் என்று இரண்டு நாளும் வயிறாரச் சாப்பிட்டேன்.

காக்களூர் தொழிற்பேட்டையில் ரப்பர் வளையங்களைச் சோதித்து அனுப்புவது என் வேலை. முடியளவு கீறல் இருந்தாலும் தள்ளிவிடுவேன். யார் கெஞ்சினாலும் விட்டதில்லை.

இன்று அவள் கல்லூரிக்குப் போகிறாள். கழுத்தில் பருப்பளவு வடு. அவள் தூங்கும்போது போர்வை அசைந்தால் இப்போதும் எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அந்தத் திங்கட்கிழமை அவளுடைய ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர்கள் எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாலைப் பணிக்கு வந்த பெரிய சிஸ்டர் பையைக்கூட வைக்காமல் ஓடிவந்தார். "என்னாலதான் சிஸ்டர்" என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

"பெத்தவ, நீ கெஞ்சத்தான் செய்வ. நான் வுட்டிருக்கக் கூடாது. இப்பவாச்சும் நகரு, அத எடுக்கணும்."