அவரவர் ரத்தத்துக்கு அவரவர் எச்சில்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து யார் ரவிக்கை கொண்டு வந்தாலும் என் மனைவி அஸீலா முதலில் அவர்கள் கையைப் பார்ப்பாள். அந்தப் பக்கம் பார்த்த இடமெல்லாம் வாழை. வாழைக்கறை ஒட்டினால் ஒட்டியதுதான், அதற்கு மருந்தே கிடையாது என்பது அவள் கட்சி. கை சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் உட்காரச் சொல்வாள். கல்யாணப் பெண்ணின் தகப்பனார் ஒருவர், நாலு ஏக்கர் வாழைக்காரர், வாசலில் நின்றபடியே அளவு ரவிக்கையைப் பையோடு நீட்டிவிட்டுப் போனார்.

அஸீலா ஆரி வேலை செய்கிறவள். மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையை மரச்சட்டம் ஒன்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, கொக்கி முனை ஊசியால் முத்தும் மணியும் வைத்துப் பூப்போடுவாள். பதினோரு வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்து நான் ஆட்டோ ஓட்டுகிறேன். வீட்டில் எனக்கென்று உள்ள இடம் அந்தச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழம். அங்கே டீ குடிக்க அனுமதி இல்லை. தெருவில் நின்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும்.

எண்ணெய்க் கறை என்றால் முகப் பவுடரைக் கொட்டி வைப்பாள். மஞ்சள் கறை என்றால் சோப்புப் போடாமல் வெயிலில் காட்டுவாள். ரத்தக் கறைக்குத்தான் வைத்தியம் விசித்திரமானது. வெள்ளை நூலை வாயில் போட்டு மென்று, ஊறிய நூலால் கறையை ஒற்றி எடுக்க வேண்டும். ஆனால் யார் விரலில் ஊசி குத்தியதோ அவர் எச்சிலாக இருக்க வேண்டும், அடுத்தவர் எச்சில் கேட்காது. இதை நான் நம்பவில்லை. ஆனால் என் கண் முன்னால் அவள் ரத்தம் அவள் எச்சிலில் கரைந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன், அதனால் வாயை மூடிக்கொள்வேன்.

போன மாதம் எங்கள் சட்டத்தில் ஏறியது ஒரு வெள்ளைப் பட்டுப் புடவை. ரீபாவின் கல்யாணப் புடவை. ரீபா பாளையங்கோட்டைக்காரி, அஸீலாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவள், கூட்டுறவு அலுவலகத்தில் கிளார்க். முப்பத்தாறு வயதில் இப்போதுதான் கல்யாணம். அவளிடம் ஒரு குறையும் இல்லை. எல்லாம் அவள் அம்மா இன்பமணி டீச்சரால் வந்தது.

டீச்சர் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமான பிறகு அவரும் ரீபாவும் மட்டும்தான் அந்த வீட்டில். சகுனம் பார்ப்பது அஞ்ஞானம் என்பார். ஆனால் ஆண்டவர் காட்டும் அடையாளத்தைப் பார்ப்பார். முதல் சம்பந்தத்தில் நிச்சயத்தன்று குருவானவர் வேதம் வாசிக்க எழுந்ததும் கரண்டு போனது. அடையாளம் என்றார், கல்யாணம் நின்றது. இரண்டாவதில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இவர்கள் வாசலில் செருப்பு அறுந்தது. அதுவும் அடையாளம்தான். செருப்புக்கு வயதாகிவிட்டது என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. மூன்றாவதாகக் களக்காட்டு ஹெப்ரான் வந்தான். ரீபாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. இதுவும் நின்றால் இனி யாரையும் பார்க்கமாட்டேன் என்று அஸீலாவிடம் சொல்லியிருந்தாள்.

முந்தானையில் பன்னிரண்டு லீலிப் பூ, பன்னிரண்டு சீடர்கள் கணக்கு. டீச்சர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து விரல் வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார். நேற்றும் வந்து எண்ணினார். இன்று சாயங்காலம் நாலு மணிக்குப் புடவையை வாங்கிப் போக வருகிறார். வியாழக்கிழமை கல்யாணம்.

இந்த நிலையில்தான் காலை பதினோரு மணிக்கு, "மச்சான், இங்கன வாங்க" என்று அஸீலா கூப்பிட்டாள். கேஸ் கசிந்தால் கூப்பிடுகிற குரல். ஏழாவது பூவுக்கும் எட்டாவது பூவுக்கும் நடுவில் வெள்ளைப் பட்டில் மிளகளவு ரத்தம். டீச்சர் கண்ணில் இது பட்டால் என்ன சொல்வார் என்று நாங்கள் பேசிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

தண்ணீரில் முக்க முடியாது, முத்துத் தைத்த பட்டு சுருங்கிவிடும். பதிமூன்றாவதாக ஒரு பூவைப் போட்டு மறைத்துவிடலாமே என்றேன். டீச்சர் எண்ணமாட்டாரா என்று கேட்டாள். பன்னிரண்டு பேரில் ஒருவன் காட்டிக்கொடுத்தவன்தானே, அவன் பூவைப் பிரித்து இங்கே மாற்றிவிடலாம் என்றேன். அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

அஸீலா ஒரு நூலை மென்று ஒற்றினாள். கறை அசையவில்லை. "அப்ப இது என் ரத்தம் இல்ல" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் வீடு போலீஸ் ஸ்டேஷன் ஆனது.

முதலில் மாட்டியது உலகம்மாள். அஸீலாவுக்கு மணி கோத்துக் கொடுக்கிறவர், வாயில் எந்நேரமும் வெற்றிலை. அஸீலா அவரை ஏழு தம்ளர் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்து, துப்பிய தண்ணீர் தெளியும்வரை பார்த்துவிட்டு நூலைக் கொடுத்தாள். மென்றார், ஒற்றினாள், போகவில்லை. அடுத்து நான். அந்தப் புடவையைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்தேன். காலையில் சவரம் செய்த முகத்தோடு சட்டத்தைக் கடந்துபோனது குற்றப்பத்திரிகையில் இருந்தது. மென்றேன், போகவில்லை. நான் நிரபராதி என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

திங்கட்கிழமை சட்டத்துக்கு மேலே டியூப் லைட் மாற்றிய எலக்ட்ரீசியன் அசன் மைதீனை ஆட்டோவில் போய் ஏற்றி வந்தேன். வாயைத் திறக்கச் சொன்னதும் அவர் பதறிவிட்டார். "என்ன மாப்ள, கொரோனா திரும்பவும் வந்துட்டா?" என்றார். விஷயத்தைச் சொல்ல முடியாது, ஊரெல்லாம் பரவிவிடும். சும்மா மெல்லுங்கள் என்றேன். அவர் ரத்தமும் இல்லை. ஆனாலும் முடிவு தெரியாமல் போகமாட்டேன் என்று நூலை மென்றபடி மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

கொசுவாக இருக்கலாமே என்றார் உலகம்மாள். யாரையோ குடித்துவிட்டு வந்து இங்கே நசுங்கியிருக்கலாம். அப்படியானால் தெருவில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அஸீலா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். போகிற வருகிற ஒவ்வொருவரையும் அளந்தாள். நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

மூன்றரை மணிக்கு ரீபா ஸ்கூட்டியில் வந்தாள். கறையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. நூலை வாங்கி மென்றாள், அதுவும் பலிக்கவில்லை. முதல் தடவை சரியாக ஊறவில்லையோ என்று நாங்களும் ஆளுக்கொரு நூலை மறுபடி மெல்ல ஆரம்பித்தோம். இன்னொரு நூலை வாயில் போட்டுக்கொண்டே, "அம்மா நேத்திலேருந்து விரல்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்கா. கேட்டா வெங்காயம் நறுக்குனேன்னு சொல்லுதா. வீட்டுல நேத்து வெங்காயமே இல்ல" என்றாள்.

எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினோம். எவர் கண்ணில் இது படவே கூடாதோ அவர் எச்சில்தான் வேண்டும். ஓய்வு பெற்ற டீச்சரிடம் போய், கொஞ்சம் எச்சில் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? யோசிக்க நேரமில்லை. நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. உலகம்மாள் ஒரு வேட்டியை எடுத்து முந்தானை முழுவதையும் மூடினார்.

இன்பமணி டீச்சர் உள்ளே வந்தார். ஐந்து பேர், ஐந்து வாயிலும் நூல் தொங்குகிறது. என்ன இது என்று கேட்டார்.

"பல்லுக்கு நல்லது டீச்சர்" என்றேன். "ஈறு கெட்டிப்படும். ஷார்ஜாவுல எல்லாரும் மெல்லுதாங்க." சொல்லிவிட்டு ஒரு நூலையும் நீட்டினேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

டீச்சர் எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு நூலைப் பார்த்தார். வாங்கி வாயில் போட்டு மெதுவாக மென்றார். அவர் கையில் பிளாஸ்திரி இருந்தது. மென்ற நூலை அவரிடமிருந்து எப்படித் திரும்ப வாங்குவது என்று அப்போதுதான் எனக்குக் கவலை வந்தது.

அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. டீச்சர் நேராகச் சட்டத்துக்குப் போனார். பூவை எண்ணவில்லை. வேட்டியின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கினார், ஏழாவது பூவுக்கும் எட்டாவது பூவுக்கும் நடுவில். வாயிலிருந்த நூலை எடுத்து விரலில் சுற்றி ஒற்ற ஆரம்பித்தார். இடத்தை நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"நேத்து எண்ணும்போது ஊசி குத்திட்டு" என்றார், எங்களைப் பார்க்காமல். "பாத்துட்டுப் பாக்காத மாதிரி போயிட்டேன். இதுதான் அடையாளம்னு மனசு சொல்லிச்சு. அடையாளமா இருக்கக் கூடாது ஆண்டவரேன்னு விடிய விடிய ஜெபம் பண்ணேன்."

இன்னும் நாலு தடவை ஒற்றினார்.

"முன்ன ரெண்டு தடவையும் நான் இப்படிக் கெஞ்சவே இல்ல, ரீபா. நீ போயிட்டா நான் ஒத்தையில கெடப்பேனேன்னு பயம். கரண்டு போச்சு, செருப்பு அறுந்துச்சு, எனக்கு வசதியாப் போச்சு. ஆண்டவர் பேரைச் சொல்லிட்டேன்."

அசன் மைதீன் நூலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனார். எனக்கு டீச்சர் மேல் கோபம் வந்தது. எத்தனை வருஷம் அந்தப் பெண்ணுக்குப் போயிற்று என்று கேட்டுவிடத் தோன்றியது. அவர் நூலைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஒற்றுவதைப் பார்த்தேன், கேட்கவில்லை.

அஸீலா குனிந்து துணியைப் பார்த்தாள். வெளுக்கிறது என்று மெல்லச் சொன்னாள்.

ரீபா நூற்கண்டை எடுத்தாள், ஒரு சாண் அளவு பல்லால் கடித்து அறுத்தாள், அதை அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள்.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்மா. மெல்லு."

டீச்சர் வாயைத் திறந்தார்.