நான் லோன் தராத வீடு

போன வாரம் ஆம்பூரில் ஒரு வீட்டு வாசலில், மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, தெருவை வேடிக்கை பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். கடன் கொடுத்தவரைப் பார்த்து ஒளிகிறவர்கள் உண்டு. நான் ஒளிந்தது, கடன் கேட்டு வந்து நான் திருப்பி அனுப்பிய ஒருவரைப் பார்த்து!

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

வேலூரில் எங்கள் வீட்டு மாடியில் நிவேதா என்ற பெண் குடியிருக்கிறாள். மதுரைக்காரி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. சம்பளச் சீட்டு இல்லாத குடும்பங்களுக்கு பேங்க் எவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது, அவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் வாழ்கிறார்கள், அதனால் உடம்பும் மனசும் எப்படி இருக்கிறது — இதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும்.

ஆனால் கதவு திறந்தால்தானே கேட்க முடியும்? கையில் டேப்லெட், தோளில் பை, கழுத்தில் ஐடி கார்டு... பார்த்தவுடனே குழுக்கடன் வசூலுக்கு வந்த ஆள் என்று நினைத்துவிடுகிறார்களாம். "வூட்ல யாரும் இல்ல!" என்று வீட்டுக்குள்ளிருந்தே குரல் வருகிறதாம்.

"அங்கிள், நீங்க ஆம்பூர்ல பேங்க் மேனேஜரா இருந்தவர்தானே? சும்மா கூட வந்து நின்னா போதும். பேசுறதை நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

ரிடையர் ஆன மனுஷனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்.

இரண்டு வீடுகள் பூட்டியிருந்தன. மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தேதான் கிடந்தது. வாசலுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்து ஒரு பெண் ஷூ தைத்துக்கொண்டிருந்தார். முழு ஷூ இல்லை, மேல்பாகம் மட்டும். அடிப்பாகம் ஒட்டுவது எல்லாம் ஃபேக்டரியில். இந்தக் கைத்தையல் வேலை ஏஜென்ட் மூலமாக வீடுகளுக்கு வரும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி.

"இன்னாம்மா வேணும்?" என்று நிமிர்ந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தனலட்சுமி.

பத்து வருஷம் இருக்கும். என் கேபினுக்கு வந்து வீட்டு லோன் கேட்டவர். என்ன வேலை என்றேன். ஷூ தைக்கிறேன் என்றார். சம்பளச் சீட்டு? கிடையாது. கணக்கில் வரவு? கிடையாது, கூலி கையில்தான் வரும். "பேப்பர் இல்லாம லோன் தர முடியாதும்மா" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தினமும் இப்படி நாலு பேரைத் திருப்பி அனுப்புகிறவன்தான் நான். யார் முகமும் நினைவில் நிற்காது. இவர் முகம் மட்டும் நின்றுவிட்டது. காரணம், அவர் அழவில்லை, கெஞ்சவில்லை. தழும்பேறிய விரல்களை மேஜை மேல் விரித்துவைத்து, "நான் வேலை செய்றது இதுல தெரியலையா சார்?" என்று கேட்டார்.

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இப்போது அதே தனலட்சுமி முன்னால், பஸ் தூசிக்காகப் போட்ட மாஸ்க்கோடு நிற்கிறேன். வெளியே பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறேன் என்று சொல்லி நழுவலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் நிவேதா பாயில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்தேன்.

"அக்கா, இது சொந்த வீடா, வாடகையா?"

வாடகை என்று சொல்லிவிட்டால்? அதற்கு நான்தானே காரணம்?

"சொந்தம்."

அப்பாடா!

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"ஷீட்டு போட்ட வூடு. அஞ்சு குடும்பத்துக்கு ஒரே பாத்ரூம். கதவுக்குத் தாழ்ப்பா கெடையாது. என் பொண்ணு குளிக்கப் போனா, தைக்கிறத அப்டியே போட்டுட்டு நான் வெளிய போயி காவலுக்கு நிக்கணும்."

"எப்பவாவது பேங்க்ல லோன் கேட்டு மறுத்திருக்காங்களா?"

"ஆமா. பேப்பர் இல்லன்னாங்க."

"எந்தப் பேப்பர்?"

"அத்த சொல்லல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நிதானமாகச் சொல்கிறார்! கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்கப்புறம் நடந்ததை அவரே சொன்னார். கம்பெனிக்குப் போகிற பெண்களுக்குச் சம்பளம் பேங்க்கில் விழுகிறது, அதைப் பார்த்துத்தான் அவர்களுக்கு லோன் கிடைக்கிறது என்று பக்கத்து வீட்டுப் பெண் மூலமாகப் புரிந்துகொண்டிருக்கிறார். உடனே ஏஜென்ட்டிடம் போய், என் கூலியையும் பேங்க்கில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் பேஜார், கையிலயே வாங்கிக்க" என்றாராம் அவர். இவர் விடவில்லை. அவர் வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்.

"ஒரு மாசம் சும்மா ஒக்காந்திருந்தேன். அப்பறம் இந்தத் தெருவுல தைக்கிறவங்க வூட்டுக்கெல்லாம் போயி பேசினேன். பன்னெண்டு பேரும் ஒண்ணா ஊசியக் கீழ வச்சிட்டோம். கம்பெனிக்கு சரக்கு போவணும்ல? நாலாம் நாளு ஏஜென்ட்டு வந்தாரு. எல்லார் பாஸ்புக்கையும் குடுங்கன்னாரு."

இரண்டு வருஷம் கூலி தவறாமல் கணக்கில் விழுந்தது. அந்தப் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு அதே பேங்க்குக்குப் போயிருக்கிறார். புதிதாக வந்திருந்த மேனேஜர் பார்த்துவிட்டு லோன் கொடுத்துவிட்டார்.

கடைசியாக நிவேதா ஒரு கேள்வி கேட்டாள். "இப்ப உங்க வாழ்க்கை எவ்வளவு திருப்தியா இருக்கு? பத்துக்கு எத்தனை குடுப்பீங்க?"

"எட்டு."

"ரெண்டு ஏன் கம்மி?"

"கழுத்து வலி ஜாஸ்தியா இருக்குது, அதுக்கு ஒண்ணு. பொண்ணு நர்சிங் முடிக்கணும், அதுக்கு ஒண்ணு."

நிவேதா டேப்லெட்டை மூடினாள். நல்லவேளை, தப்பித்தோம் என்று எழுந்தேன்.

"சார், அந்த மாஸ்க்க எறக்குங்க. உங்கள எனக்குத் தெரியாதா? வந்த ஒடனே கண்டுக்கினேன்."

நிவேதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாஸ்க்கைக் கழற்றினேன்.

"உங்க மேல எனக்கு ரொம்பக் கோவம் சார். இங்க பால் காய்ச்சினப்போ உங்களுக்குப் பத்திரிகை வைக்கலாம்னு பேங்குக்கு வந்தேன். மாத்தலாகிப் போய்ட்டாருன்னாங்க."

"கோபம் இருந்தும் பத்திரிகையா?"

"கோவம் இருந்ததாலதான். வந்து பாக்கட்டும்னு."

"அன்னிக்கு எந்தப் பேப்பர், அது எப்படிக் கிடைக்கும்னு நான் சொல்லியிருக்கணும்மா. சொல்லல. தப்புதான்" என்றேன்.

"ஆமா சார். சொல்லியிருக்கணும்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் நம்புவீர்களா? பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன். இப்போது தப்பு தப்பாகவே இருவருக்கும் நடுவில் கிடந்தது. அதைத் தாண்டிப் பேச முடிந்தது.

"சரி, இப்பதான் வந்துட்டீங்களே... வாங்க, வூட்டப் பாருங்க" என்று அழைத்துப் போனார்.

ஒரு ஹால், ஒரு அறை, சமையலறை. ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில் பாத்ரூம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 'டக்' என்று தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"பாத்தீங்களா?"

"பார்த்தேன்மா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிவேதா பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நல்ல பெண்.

லோன் தராததில் தப்பில்லை. அன்றைய விதிப்படி என்னால் தந்திருக்க முடியாது. ஆனால் 'முடியாது' என்று சொன்ன வாயால், 'கூலியைக் கணக்கில் போடச் சொல்லு, ரெண்டு வருஷம் கழிச்சு வா' என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை நான் மிச்சம் பிடித்ததால், ஒரு பெண் அதைத் தானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் கெட்டிக்காரர், கண்டுபிடித்துவிட்டார். நான் திருப்பி அனுப்பிய மற்றவர்கள்?

டீ குடித்து முடிப்பதற்குள் தனலட்சுமி வாசலில் நின்று, "ஏய் சரசு... பேங்க் சாரு வந்துக்கிறாரு. எதுனா கேக்கணும்னா வந்து கேளு!" என்று குரல் கொடுத்தார். சரசு வந்தார். அவர் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், பாஸ்புக்கோடு. எந்தப் பேப்பர், எங்கே வாங்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும்... ஒவ்வொருவருக்கும் நிதானமாகச் சொன்னேன். மத்தியானம் இரண்டு மணி ஆகிவிட்டது.

நிவேதாவுக்கு அன்று கிடைத்தது ஒரே ஒரு வீடு. ஆராய்ச்சிக்குக் கேள்வி கேட்கப் போனவர்கள் நாங்கள். கேள்வி கேட்டு முடித்தது என்னவோ அந்தத் தெருதான்!